அணைக்கும் பொத்தான்

பிரஸ்ஸல்ஸில் இரவு இரண்டே கால்.
இன்னும் ஒரு வினைமுற்று பாக்கி.

உரைபெயர்ப்பாளர்கள் பன்னிரண்டுக்கே
கண்ணாடிக் கூண்டுகளைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.
இனி எல்லோருக்கும் அரைகுறையாய்த் தெரிந்த
ஆங்கிலத்தில்தான் சண்டை.
தட்டில் சாண்ட்விச் ஓரங்கள் காய்ந்து சுருள்கின்றன.

'எச்சரிக்கை ஒலியை ஓட்டுநர் அணைக்கலாம்.'
'லாம்' இருக்கட்டும் என்கிறார் ஒருவர்,
இல்லாவிட்டால் விற்பனை படுத்துவிடும்.
'கூடாது' என்று முடியுங்கள் என்கிறார் ஐலா ரன்த்தனென்,
மூன்று நாளாக அதே நீலக் கம்பளிச்சட்டையில்.
முற்றுப்புள்ளி மட்டும்
எங்கே உட்காருவதென்று தெரியாமல் நிற்கிறது.

ஸர்மீதெ, லாத்விய மொழிப் பத்திக்குக் காவல்.
இருபத்து நாலு மொழியிலும் சட்டம் ஒன்றையே சொல்லவேண்டும்.
ஒரு மொழியில் சந்து விட்டால் போதும்,
அங்கே ஒரு கம்பெனி குடித்தனம் வந்துவிடும்.

மதியம் கென்ட் நகரத்திலிருந்து வூட்டர் வந்திருந்தார்.
அவர் பையில் ஒரு சைக்கிள் மணி.
வாசல் காவலர் அதைத் தட்டில் வைத்து
இரண்டு முறை எந்திரத்துக்குள் அனுப்பினார்.
வூட்டர் மகளின் பெயரைச் சொல்லவில்லை.
வலப்பக்கம் திரும்பிய லாரியைச் சொன்னார்,
ஓட்டுநரைச் சொன்னார்,
நல்ல மனிதர், இப்போது வண்டியைத் தொடுவதில்லை.
லாரிக்கும் நடைபாதைக்கும் நடுவே இருந்த
ஒன்றே கால் மீட்டரைக் கையால் காட்டினார்.
ஐந்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.
மூன்றில் முடித்துவிட்டார்.
மிச்ச இரண்டை என்ன செய்வதென்று
அவைக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குச் சமரசம்:
அணைக்கலாம். ஆனால் வண்டியை எடுக்கும் ஒவ்வொரு முறையும்
அது தானே விழித்துக்கொள்ளும்.
எல்லோருக்கும் கொஞ்சம் பிடிக்கவில்லை.
ஆகவே முடிந்தது.

கீழ்த்தளத்தில் அவள் கார்.
உட்கார்ந்ததும் திரை கேட்டது:
இருக்கையைச் சூடாக்கும் இலவச மாதம் தீர்ந்தது, தொடரலாமா?
'ஆம்' பச்சை, உள்ளங்கை அகலம்.
'வேண்டாம்' சாம்பல் நிறம், மூன்றாம் பக்கத்தில்,
எறும்பு ஊர்ந்த தடம்.
போன வருடம் அவளே எழுதிய வரி உண்டு,
இரு பொத்தான்களும் ஒரே அளவில் இருத்தல் வேண்டும் என்று.
அமலுக்கு வர இன்னும் பதினாலு மாதம்.
அதுவரை ஜில்லென்று உட்கார்ந்து ஓட்டலாம்.
லாம்.

கண்ணைப் பார்க்கும் கேமரா
காபிக் கோப்பைப் படம் காட்டியது.
என் இமை சரிந்ததை யார் யாரிடம் சொல்வாய்?
'பதிவு வண்டியை விட்டு வெளியேறாது',
அந்த வாக்கியமும் அவள் கைபட்டதுதான்.
எழுதியவளுக்கே முக்கால் நம்பிக்கை.

சுரங்கப்பாதையில், முன்னே போன லாரியின் முதுகில்
தொண்ணூறு என்றொரு வட்ட ஒட்டுவில்லை.
சாலைப் பலகை என்று நினைத்துக்கொண்டு
ஐம்பதில் போகவேண்டிய இடத்தில்
தொண்ணூறுக்கு அன்போடு அனுமதித்தது கார்.
வெளியே வந்தால், போன மாதமே முடிந்த பணிக்கு வைத்து
எடுக்க மறந்த முப்பது.
கத்தத் தொடங்கியது.
ஸர்மீதெ தாய்மொழியில் திட்டினாள்,
எந்தப் பத்தியிலும் சேர்க்க முடியாத சொற்கள்.
அணைத்தாள்.

காலையில் கண்ணாடிப் பனியைப்
பழைய நூலக அட்டையால் சுரண்டிவிட்டு
வண்டியை எடுத்தாள்.
அது விழித்திருந்தது.

வலப்பக்கம் திரும்பும் முனை. விளக்கு பச்சை.
பாதித் தூக்கம் இன்னும் கழுத்தில்.
பீப்.
மணிச்சத்தம் போல இல்லை.
மலிவான சத்தம், மொத்த விலைக்கு வாங்கியது.
கால் பிரேக்கை அழுத்திவிட்டது.

கண்ணாடி ஓரத்திலிருந்து ஒரு மஞ்சள் மழைக்கோட்டு
சைக்கிளில் கடந்து போனது,
காதில் பாட்டு, கூடையில் நீட்டிய லீக் தண்டுகள்,
திரும்பிக்கூடப் பார்க்காமல்.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.