இரண்டாவது தடம்

குழித்துறையில் வண்டி நிற்கிறது.
எதிரே ஒன்று வரவேண்டும்,
வந்தால்தான் இது போகும்.
ஒற்றைத் தடத்தின் சட்டம்.
பதினோரு வருடமாக எனக்கும் அதுவே.

விஜிலா ஒருநாள் கணக்குப் போட்டாள்,
மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில்:
நாளுக்கு இருபது நிமிடம் என்றாலும்
நாற்பத்து மூன்று நாள், இராப்பகலாக,
நான் குழித்துறையில் குடியிருந்திருக்கிறேன்.
"வாடகை கேட்காம விட்டானுவளே" என்றாள்.

திருவனந்தபுரத்தில் லேப் எட்டரைக்குத் திறக்கும்.
சர்க்கரை பார்க்க வெறும்வயிற்றோடு வந்தவர்கள்
எனக்காக உட்கார்ந்திருப்பார்கள்.
நான் வண்டிக்காக.
வண்டி இன்னொரு வண்டிக்காக.

இரட்டைப் பாதை வரப்போகிறது என்றதும்
பெட்டியில் முதலில் கைதட்டியவள் நான்.
பயணிகள் சங்கத்து மனுவைத் தூக்கிக்கொண்டு
ஸ்டேஷன் ஸ்டேஷனாக இறங்கி ஏறினேன்.
நூற்றுப் பதினாறு கையெழுத்து.
அடுத்தது என்னுடையது.

பள்ளியாடியில் எங்கள் புரையிடம்
தண்டவாளத்தை ஒட்டி, பதினொன்றரை சென்ட்.
முக்காலியில் கண்ணாடி வைத்துப் பார்த்த பையன்
அயனி மரத்தில் சிவப்பில் எண் எழுதினான்.
கிணற்றுச் சுவரில் இன்னொன்று.
அடுக்களைச் சுவரில் ஓர் அம்பு.
"இதுவரைக்கும் அக்கா" என்றான்.
அம்பு அரிசிப் பானையைக் காட்டியது.

எட்வின் மரச்சீனி பிடுங்கிக்கொண்டு நின்றார்.
மனுவில் என் கையெழுத்து அவருக்குத் தெரியும்.
மண்ணோடு கிழங்கை என் முன்னால் போட்டுவிட்டு
கை கழுவப் போனார்,
எண் போட்ட அதே கிணற்றுக்கு.

நோட்டீஸ் வந்தது. நாலேகால் சென்ட்.
தொகைக்கு நேரே வெறும் கோடு.
பிறகு நிரப்புவார்களாம்.

ராத்திரி வண்டி போகும்போது
அலமாரியில் டம்ளர்கள் ஒன்றையொன்று தொடும்.
புது வண்டி
டம்ளர்கள் இருக்கும் இடத்திலேயே ஓடும்.

என்றைக்கோ ஒரு காலை
எங்கேயும் நிற்காமல்
நான் என் அடுக்களை வழியாக
வேலைக்குப் போவேன்.
அடுப்பிருந்த இடத்தைத் தாண்ட
அரை நொடி ஆகுமா?
அதை வரவில் எழுதுவதா, செலவிலா,
விஜிலாவைத்தான் கேட்கவேண்டும்.
அவள் ஜன்னலில் சாய்ந்து
வாய் திறந்து தூங்குகிறாள்.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.
நாளைக்கு லேட்டானால் அரைநாள் சம்பளம் போகும்.
வேண்டும் என்று
போன வருடம் சொன்ன அதே வாய்.

மடியில் இரவுக் குழம்புக்கான உள்ளி
கால் கிலோவும் உரித்தாயிற்று.
தொலிகள் காற்றில் சீட்டுக்கடியில் போகின்றன.
சிக்னல் இன்னும் சிவப்பு.
எதிரே எதுவும் வரக்காணோம்.