மூன்றாவது கண்ணாடி

பிட்டோம் என்று ஓர் ஊர், போலந்தில்.
அந்தப் பெயர் நம் காதில் என்னவாக விழும் என்று
அங்கே யாருக்கும் தெரியாது.

டெக்லாவின் சமையலறைச் சுவரில்
விரிசலின் குறுக்கே ஒட்டியிருக்கிறார்கள்
விரலகலக் கண்ணாடி ஒன்றை, தேதி எழுதி.
சுவர் நகர்ந்தால் உடையும்.
இது மூன்றாவது.

கதவை இரண்டு முறை இழைத்தாயிற்று.
கை தவறிய தக்காளி ஜன்னல் பக்கம்தான் உருளும்.
சூப் ஊற்றும்போது
தட்டை நிரப்புவதில்லை அவள்,
கை தானாகக் கற்றுக்கொண்டது.

கணவன் அஹிமுக்கு
எழுநூறு மீட்டர் கீழே வேலை.
நிலக்கரியை அறுத்து அறுத்து முன்னே போவார்கள்,
முட்டுகளும் கூடவே நகரும்.
பின்னால் விட்ட வெற்றிடத்தில் கூரை விழும்.
விழட்டும் என்று விடுவதுதான் முறை.
அந்தச் சத்தம் மேலே வந்துசேர
மாதங்கள் ஆகும்.
வந்துசேரும்போது அது சத்தமாக இருக்காது.

பிப்ரவரியில் ஓர் இரவு
பீங்கான்களை மட்டும்
அலமாரியின் கீழ்த்தட்டுக்கு மாற்றினான் அஹிம்.
அவள் பார்த்தாள். கேட்கவில்லை.

இன்று நஷ்டஈட்டுப் படிவம்.
சேதத்துக்குக் காரணம் என்ற கட்டத்தில்
சுரங்கத்தின் பெயரை எழுதினாள்.
குடும்ப வருமானம் என்ற கட்டத்திலும்
அதே பெயர், அதே எழுத்துப்பிழையோடு.
பேனாவை வைத்தாள்; உருண்டது.

அஹிம் எழுந்து
மேலே கிடந்த உறையை நான்காய் மடித்து
மேசைக்காலின் கீழ் செருகினான்.
பலகையை விரல்முட்டியால் தட்டி
சற்று நேரம் காது கொடுத்து நின்றான்,
கீழே கூரையைத் தட்டிக் கேட்பதுபோல.

கண்ணாடி இன்னும் முழுசாக இருக்கிறது.
படிவத்தை அனுப்ப
வேறு உறை தேட வேண்டும்.