ரேஞ்சுக்குள்

செக்காலை ரோட்டில் ஷட்டர்கள் இறங்கிய பிறகு
லேபில் நானும் சென்ட்ரிஃப்யூஜும்தான்.
அது ரத்தத்தைச் சுற்றுகிற நேரத்தில்
பக்கத்து மானிட்டரில் வேறொன்று ஓடுகிறது:
பதின்மூன்றுக்குப் பதின்மூன்று,
நூற்று அறுபத்தொன்பது கட்டம்.
குறுக்கே ஜோடிகள்.
அதற்கு மேலே ஒரே சின்னம், கீழே கலப்பு.
சிவப்பு வந்தால் ஏற்று, பச்சை வந்தால் பார்,
நீலம் வந்தால் கவிழ்த்துவிட்டு டீ குடி.

காசு கொடுத்து வாங்கவில்லை.
பதினைந்து நாள் இலவசம், இன்று பதின்மூன்று.

கேட்டது இதுதான்:
மேசையில் ஆடுதன் ராஜா, ஆடுதன் ஒன்பது, கிளாவர் நாலு,
பிறகு டைமன் ஜாக்கி,
கடைசியில் ஒரு உப்புச்சப்பில்லாத இஸ்பேட் ரெண்டு.
என் கையில் ஆடுதன் ஏழும் எட்டும்
எதற்கும் ஆகாமல்.
நாற்பது நிமிடம் யோசித்துச் சொல்கிறது:
நூற்றுக்கு முப்பத்தெட்டு தடவை பொய் சொல்,
மீதித் தடவை வாயை மூடு.
எந்தத் தடவை எது?
அது உன் பாடு.

ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில்
வாட்ச்சின் நொடி முள்ளைப் பார்க்கிறேன்.
இருபத்து மூன்றைத் தாண்டாவிட்டால் பொய்.

எதிரில் இருப்பவர் பிசகே செய்யாதவர்
என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறது.
கோட்டையூரில் அப்படி யாரும் கிடையாது.
அங்கே டைல்ஸ் கடை வயிரவன்தான் இருக்கிறார்.
கல்யாணத்துக்கு மட்டும் திறக்கிற வீட்டின் இரண்டாம் கட்டில்
எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஆளுக்கு ஐந்நூறு,
பெண் நான் ஒருத்தி.
எதிராளியின் பழக்கத்தைப் பூட்டிவைக்க
மென்பொருளில் வசதி உண்டு.
மூன்று வாரம் பார்த்துப் பூட்டினேன்.
பெரிய தொகையைத் தள்ளுமுன்
இடது தோளைத் தேய்த்துக்கொள்வார்.
தேய்த்த ஐந்தில் நாலு தடவை கையில் சுழியம்.
குறிப்புக் கட்டத்தில் எழுதினேன்:
தோள் என்றால் பொய்.
போன வாரம் அந்தத் தோளை நம்பி
ஆயிரத்து நானூறு ஜெயித்தேன்.
சிலிண்டருக்கு ஆச்சு.

பதினொன்று நாற்பதுக்குப் பாதி ஷட்டரில் குனிந்து வந்தார்.
கையில் ஒரு சீட்டு.
ட்ரோபோனின், அவசரம், டாக்டர் கையெழுத்து.
"அட, நீ இங்கேயா வேலை பார்க்கிறே?"
சட்டைக் கையை மடித்துக்கொண்டே
இடது தோளைத் தேய்த்தார்.

ஊசி ஏறும்போது முகத்தில் ஒன்றுமில்லை.
கடைசிச் சீட்டு விழும்போது வைத்திருப்பாரே, அதே முகம்.
மானிட்டரை எட்டிப் பார்த்து
"இந்த டிசைன் நம்ம கடையில் இல்லையே" என்றார்.
மூலையில் அவர் பெயர் இருந்தது.
திருப்பி வைத்தேன்.

மெஷினுக்குப் பதினெட்டு நிமிடம்.
காலையில் வருகிறவர்கள் எல்லோரும்
காகிதத்தை வாங்கியதும் கேட்பது ஒன்றுதான்,
சர்க்கரையோ கொழுப்போ தைராய்டோ.
நான் வலது பக்கத்துச் சிறிய எண்களைக் காட்டுவேன்.
அதற்கு என்னால் முடியும்.

0.31.
மேல் எல்லை 0.04.

"என்னம்மா, ரேஞ்சுக்குள்ள இருக்கா?"

அவர் சீட்டு என் கையில் இருந்தது, அவருக்குத் தெரியாமல்.
நொடி முள்ளைப் பார்க்கவில்லை.
"டாக்டர்கிட்ட பேசுறேன். நீங்க உட்காருங்க.
எழுந்து நடக்காதீங்க."
அந்தக் கடைசி இரண்டு சொல்லில்
என் கையை முழுசாகப் படித்துவிட்டார்.
செருப்பைக் கழற்றினார்.
சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்.
"சரி" என்று பெஞ்சில் சாய்ந்தார்.
அவர் ஒரு கையைக் கவிழ்த்து
அதுவரை நான் பார்த்ததில்லை.

ஆம்புலன்ஸ் போன பிறகும்
சென்ட்ரிஃப்யூஜ் சூடாகவே இருந்தது.
பூட்டைத் திறந்து
தோளுக்குப் பக்கத்துச் சொல்லை அழித்தேன்.
வேறு சொல் கேட்கிறது.
காலியாக விட்டால்
ஓட மாட்டேன் என்கிறது.