பதினான்கு பேருக்கு அண்ணி

ஜெரால்டைப் புதைத்த அன்று
காசிமேடு கல்லறைக்கு வெளியே
பதினான்கு புல்லட்டுகள் ஒன்றாக உறுமின.
கடற்காகம் மோட்டார் சங்கத்தில்
மௌன அஞ்சலி என்றால் அப்படித்தான்.
புகை அடங்கியதும் தங்கதுரை சொன்னார்:
"இனிமே எங்க எல்லாருக்கும் நீ அண்ணி."
அவருக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு முப்பத்தொன்று.

அண்ணி என்றால்
ஒண்ணாம் தேதி வாசலில் அரிசி மூட்டை.
கிறிஸ்துமஸுக்குக் கலர் மங்கிய புடவை.
தெருமுனையில் எவனாவது ரெண்டு நாள் நின்றால்
மூன்றாம் நாள் அவன் வண்டியில்
இரண்டு டயரும் இருக்காது.
அண்ணி என்றால்
பதினான்கு தம்பிகள் எழுப்பிய காம்பவுண்டு,
உள்ளே நான், ஜெரால்டின் வண்டி.

ஓடாத வண்டிக்கு பேட்டரி செத்துவிடும் என்று
ஞாயிறுதோறும் வந்தான் இளவழுதி.
முதல் மாதம் "அண்ணி, சாவி" என்றான்.
மூன்றாம் மாதம் "சாவி."
ஐந்தாம் மாதம் கையை மட்டும் நீட்டினான்.

ஒருத்தியை எதுவும் சொல்லிக் கூப்பிடாமல்
தமிழில் ஒரு வருஷம் பேசலாம்.
டீ ஆறுது.
மழை வரும்போல.
ஆயில் மாத்தணும்.
யார் குடிக்க, யார் நனைய, யார் மாற்ற
என்று கேட்காத வாக்கியங்கள்
எங்கள் இருவருக்கும் நடுவில்
ஸ்பேனர்கள்போலக் கிடந்தன.

ஓட்டக் கற்றுக்கொடு என்று நான்தான் கேட்டேன்.
"ஆம்பியர் முள்ளு நடுவுக்கு வரணும்.
அப்புறம் உதை.
கோவமா உதைச்சா அது திருப்பி உதைக்கும்."
கோபமாகத்தான் உதைத்தேன்.
முழங்காலுக்குக் கீழே புடைத்தது.
துறைமுகத்து ஐஸ் கம்பெனிக்கு ஓடிப்போய்
வஞ்சிரம் வாடையோடு ஒரு கட்டி கொண்டுவந்து
படியில் வைத்துவிட்டு
கேட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டான்.
நான் வைத்துக்கொண்டேன்.
தண்ணீர் வழிந்து அவன் செருப்பு வரை போனது.

அவ்வளவுதான் நடந்தது.
மாத நாவலாக இருந்தால்
இந்நேரம் கரண்டு போயிருக்கும்.

வருஷ நினைவுக்கு முட்டுக்காடு வரை ஊர்வலம்.
தங்கதுரைக்குப் பின்னால்
மடியில் ஜெரால்டின் படத்தோடு
நான் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு.
படத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு
ஜெரால்டின் வண்டியில் ஏறினேன்.
முள் நடுவுக்கு வந்தது.
டேங்கை விரல் முட்டியால் இரண்டு தட்டு.
உதை.

முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது.
யாரும் கை தட்டவில்லை.
அப்புறம்தான் எனக்கே உறைத்தது:
அந்த இரண்டு தட்டு ஜெரால்டுடையது இல்லை.
சங்கத்தில் ஒரே ஒருவன்தான் அப்படித் தட்டுவான்.
ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்பின.
அவன் குனிந்து
ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ லேஸைக் கட்டினான்.

தங்கதுரை படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"வழுதி, நீ கடைசியா வா."
பிறகு என்னிடம், வேறெங்கோ பார்த்தபடி,
"பெட்ரோல் இருக்கா?"
இருக்கு என்றேன்.
அவரும் அண்ணி என்று சொல்லவில்லை.

சங்கத்து விதி ஒன்று: வரிசை கலையக் கூடாது.
அடையாறு, திருவான்மியூர், நீலாங்கரை,
கண்ணாடியில் ஒரே ஒரு ஹெட்லைட்டைத்
தேடித் தேடி ஓட்டினேன். அத்தனையும் ஒரே மஞ்சள்.
முட்டுக்காடு பாலத்தில் உப்புக் காற்று குறுக்கே அடித்தது.
பின்னால் யாரோ திட்டும் ஹாரன்,
அடுத்தடுத்து இன்னும் பல.
பன்னிரண்டு வண்டிகளையும் தாண்டி
என் இடப்பக்கம் வந்தான்.
கண்ணாடி மூடியைத் தூக்கி ஏதோ கத்தினான்.

பாதியைக் காற்று தின்றது.
ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த பெயர் அமலோற்பவம்.
வாய் நோகுதென்று ஒருவரும் முழுசாகச் சொன்னதில்லை,
ஜெரால்டுகூட.
பாலத்தில் எனக்குக் கேட்டது என்னவென்று
சத்தியம் பண்ண முடியாது.

ஆனால் அண்ணி மூன்றே எழுத்து.
அவன் வாய் மூட
நெடுநேரம் ஆனது.