கொம்பைக் கீழே வைக்க முடியாது

எங்கள் ஊர்க் கொம்புக்கு அடி கிடையாது.
நிறுத்தினால் சாயும், சாய்ந்தால் கொட்டும்.
நிரப்பிக் கையில் கொடுத்துவிட்டால்
காலியாகும்வரை கீழே வைக்க முடியாது.
முப்பது வருடமாய்
குத்தாயிசியின் கல்யாண மேசைகளில்
நான்தான் தமாதா:
யாருக்காக, எப்போது, எவ்வளவு என்று
சொல்லிக் குடிக்க வைப்பவன்.

மார்ச் மாதம் மருத்துவர் எலிசோ
ஒரு தாளை என் பக்கம் திருப்பினார்.
மூன்று மாதச் சராசரி, ஒன்பது புள்ளி நான்கு.
"யாருக்காக?" என்றேன், பழக்கதோஷம்.
அவர் சிரிக்கவில்லை.

தாளின் பின்புறம் ஒரு தட்டு வரைந்தார்.
பாதிக்குக் கீரையும் காயும்.
கால்வாசி பயறோ மீனோ கோழியோ.
மூலையில் மிஞ்சிய துண்டு ரொட்டிக்கு.
"போரில் தோற்ற நாடு போலிருக்கிறதே" என்றேன்.
"தோற்கவில்லை, நோதர்.
எல்லை போட்டிருக்கிறோம்."

வீட்டில் சியாலா ஒன்றும் சொல்லவில்லை.
எட்டாக வெட்டும் கச்சாப்புரியைப்
பதினாறாக வெட்டினாள்.
நான் இரண்டிரண்டாக எடுத்தேன்.
பாலாடைக்கட்டி நூல்நூலாய் இழுபட்டு
என்னைக் காட்டிக்கொடுத்தது.

பசலைக்கீரையை அவித்துப் பிழிந்து
வால்நட் அரைத்து, பூண்டு தட்டிப் போட்டு
உருண்டை பிடித்து,
மேலே ஒரு மாதுளை முத்து வைப்பாள்.
முப்பது வருடம் அது என் முன்னால் இருந்தது.
மேசைக்கு அலங்காரம் என்றே
நினைத்திருந்தேன்.

செப்டம்பர்தான் கொடுமை.
சொந்தக் கொடியில் தொங்கும் திராட்சையை
எண்ணித் தின்கிறவனைப் பார்த்திருக்கிறீர்களா?
பன்னிரண்டு.
பதின்மூன்றாவதை வாயில் போட்டுக்கொண்டு
வானத்தில் மேகம் பார்ப்பேன்.

அக்டோபரில் தங்கை மகன் கல்யாணம்.
இருநூற்று நாற்பது பேர்.
பரிமாறும் பையனிடம் முன்பே
காதோடு சொல்லி வைத்தேன்:
என் ஜாடியில் மட்டும் சோடா நீர்.
கொம்புக்குள் நிறம் தெரியாது.
சமாதானத்துக்கு ஒன்று, பெற்றவர்களுக்கு ஒன்று,
போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுந்து நின்று ஒன்று.
அந்த மூன்றாவதில்,
எல்லோரும் தலைகுனிந்திருந்த நேரத்தில்,
வந்தது ஓர் ஏப்பம்.

"ஒயினுக்கு இப்படி வராதே!"
அக்கார்டியன்காரன் கத்தினான்.
முட்கரண்டிகள் நின்றன.
தண்ணீரை உயர்த்தி வாழ்த்துவது
சாபத்துக்குப் பக்கம் என்பார்கள் எங்களில் சிலர்.
மாப்பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று.

கொம்பு கையில். கீழே வைக்க முடியாது.
சொன்னேன்:
"பாலங்களுக்கு வாழ்த்தியிருக்கிறேன்.
மழைக்கு, மாமியாருக்கு,
ஒருமுறை பக்கத்து வீட்டு நாய்க்கும்.
இத்தனை வருடம் என் இனிப்பையெல்லாம்
ஒற்றையாளாய்ச் சுமந்து களைத்துப்போன
கணையத்துக்கு
ஒரு நாளும் வாழ்த்தியதில்லை.
இது அதற்கு.
ஆமாம், தண்ணீர்தான்.
அது கேட்டது இதைத்தான்."

யாரும் கைதட்டவில்லை.
எங்கோ ஒரு குழந்தை நாற்காலியை இழுத்தது.

அப்போது மேசையின் கடைசியிலிருந்து
ஒரு மண்சட்டி நகரத் தொடங்கியது,
கை மாறிக் கை மாறி,
பதினேழு பேரைத் தாண்டி.
சிவப்புப் பயறு, கொத்தமல்லி மணத்தோடு.
பக்கத்தில் ரொட்டி இல்லை.
அனுப்பியவன் கசாப்புக்கடை வாஜா.
எங்கள் இரண்டு தோட்டத்துக்கும் நடுவே நிற்கும்
வால்நட் மரம் யாருடையது என்று
ஒன்பது வருடமாய் நாங்கள்
முகம் பார்ப்பதில்லை.

இப்போதும் அவன் பார்க்கவில்லை.
நான் அவன் தட்டைப் பார்த்தேன்.
பாதி பச்சை. கால்வாசி மீன்.
மூலையில்
தோற்காத அந்தச் சின்ன நாடு.

இரவு விரலைக் குத்தினேன்: நூற்று அறுபத்தெட்டு.
பெருமைப்பட ஒன்றுமில்லை.
கச்சாப்புரி ஒரு துண்டு தின்றிருந்தேன்,
பதினாறில் ஒன்றல்ல, எட்டில் ஒன்று.
சியாலாவிடம் அதைச் சொல்லவில்லை.
இதை மட்டும் சொன்னேன்:
"வால்நட் தீர்ந்துவிட்டதா?
நாளைக்கு நான் போய்
வாஜாவைக் கேட்டுவிட்டுப் பொறுக்கி வருகிறேன்."