அசல் காற்று

ஸ்காட்லாந்துப் பாலத்தைக்
கொழிஞ்சாம்பாறைக் கல்லில் கட்டியிருக்கிறார்கள்.
ஓடைக்குத் தண்ணீர்
செவ்வாய், வெள்ளி லாரியில் வரும்.

அடுத்த குழி ஃப்ளோரிடா.
குளத்து நடுவே பச்சைத் திட்டு,
டிவியில் பார்த்த அதே
நூற்று முப்பத்தேழு கஜம்.

"ஒன்பதாம் நம்பர் கொடு."
செந்தாமரன் ஏழை நீட்டினான்.
"காத்து மட்டும் நம்மடெயாக்கும் சாரே.
வாளையார் கணவாயிலேந்து நேரா வருது."

நான் ஒன்பதையே உருவினேன்.

பந்து பாதி தூரம் போனது.
யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தாற்போல்
நின்றது,
விழுந்தது.
கரையில் கிடந்த உடும்பு
தலை தூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.

அட்டையில் ஐந்து என்று எழுதினேன்.
தொடாத ஏழாம் நம்பரைத்
துடைத்துக்கொண்டே கேட்டான்:
"அங்கெ யாராச்சும்
வேலந்தாவளம்னு ஒரு குழி
வெட்டிருக்காளா சாரே?"

அடுத்தது ஜப்பான்.
பூவரச நிழலில் நடந்தோம்.