பஞ்ச அவத்தை

பஞ்சிகாவத்தையில், கழற்றிய சைலன்சர்கள் தொங்கும்
ஒழுங்கைக்கு மேலே, இரண்டாம் மாடியில்,
ஐந்து கம்பி வெளியே நீட்டிய ஒரு மோட்டரை
மேசையோடு இறுக்கி வைத்திருக்கிறேன்.
ஓட்டோவுக்கு மூன்று அவத்தை போதாதா
என்று கேட்டார் கட்டடக்காரர்.
மூன்றில் ஒன்று செத்தால் மருதானைப் பாலத்தில் நிற்கவேண்டும்.
ஐந்தில் ஒன்று செத்தால்
நொண்டிக்கொண்டாவது வீடு வரலாம், என்றேன்.
அவர் வாடகையைப் பற்றிப் பேசத் தொடங்கினார்.

ஆளிக்குத் தெரிந்தது இரண்டே சொல்:
உண்டு. இல்லை.
பாதி என்றோ கொஞ்சம் என்றோ சொல்ல அதற்கு வராது.
செக்கனுக்கு இருபதாயிரம் தடவை திறந்து மூட
எவ்வளவு நேரம் உண்டு என்பதே
எவ்வளவு உண்டு என்றாகிவிடுகிறது.
செப்புச் சுருளோ சோம்பேறி.
உடனே ஏறாது, உடனே இறங்காது.
அந்தச் சோம்பலை நம்பித்தான் சில்லு மிருதுவாய்ச் சுற்றுகிறது.
ஆனாலும் அலைகாட்டியில் பெருப்பித்துப் பார்த்தால்
அழகான வளைவின் தோல் முழுக்க
வாள் பல்.

கீழே டயர்க் கடையில் ஒரு நாய், பெயர் ரொட்டி.
நான் மின்னைக் கொடுத்த கணமே காதை நிமிர்த்தும்.
எனக்குக் கேளாத உயரத்தில் இருக்கிறது
என் வேலையின் சத்தம்.

சித்திரைப் புழுக்கம். சுமை ஏற்றி, வேகம் குறைத்து,
ஏற்றத்தில் திணறும் ஓட்டோ போல ஓட்டினேன்.
கொள்ளளவி எண்பத்தொரு பாகை.
ஐந்து சோடி ஆளியும் ஒரே மணிக்கு எழும்பி
ஒரே வாளியில் கை விட்டால்
வாளி என்ன செய்யும்.

கொட்டாஞ்சேனை போர்டிங்கில் நாங்களும் ஐந்து பேர்.
ஃபஸ்லியா, சந்தமாலி, மொரீன், கிருஷாந்தி, நான்.
காலை ஆறு மணிக்கு எல்லாக் குழாயும் ஒன்றாய்த் திறக்க
மொட்டைமாடித் தொட்டி
குழாய் நெடுக நடுங்கி இறங்கும்.
நான்தான் அட்டவணை போட்டுக் கதவில் ஒட்டினேன்:
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், ஒருவர் பின் ஒருவர்.

அதையே இங்கும் செய்தேன்.
காவி அலைகள் ஐந்தையும்
எழுபத்திரண்டு எழுபத்திரண்டு பாகையாய்த் தள்ளி வைத்தேன்.
கொள்ளளவி ஐம்பத்தெட்டுக்கு இறங்கியது.
தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு உட்கார்ந்தேன்.

ரொட்டி இரண்டு மாடியும் ஏறி வந்து
கதவில் நின்று ஊளையிட்டது.

சுருளைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது.
ஒன்றாய் ஏறி ஒன்றாய் இறங்கியபோது
அவற்றுக்கிடையில் வித்தியாசம் இருக்கவில்லை.
இப்போது ஒன்று உண்டு என்கையில் மற்றது இல்லை என்கிறது,
அந்த இடைவெளியில்
சுருளுக்குச் சுருள் ஓடுகிறது ஒரு மின்னோட்டம்:
அச்சைச் சுற்றாது, சுமை இழுக்காது,
செப்பைச் சுடுவது மட்டுமே அதன் வேலை.
குற்றலை எங்கேயும் போகவில்லை.
வீடு மாறியிருக்கிறது.

அட்டவணை ஒட்டிய பிறகு தொட்டி நடுங்கவில்லை.
ஆனால் ஒன்றாய்ப் பாண் பிய்த்ததும் நின்றது.
என் நிமிடம், உன் நிமிடம்,
சவர்க்காரம் யாருடையது,
தலைமயிரை அடைக்க விட்டது யார்
என்று எங்களுக்குள்ளேயே ஏதோ சுற்றிச் சுற்றி ஓடியது.
மொரீன் அறை மாறிப் போனாள்.
தொட்டி என்னவோ குளிர்ச்சிதான்.

எங்கேயாவது சுட்டுத்தான் ஆகவேண்டும்.
எங்கே, எவ்வளவு என்பதில் மட்டும்
எனக்கொரு சொல் உண்டு.

முப்பத்தொரு பாகைக்குக் குறைத்தேன்.
புத்தகத்தில் இல்லாத எண்.
கொள்ளளவி அறுபத்தாறு. சுருள் எழுபது.
இரண்டும் முனகுகின்றன, இரண்டும் தாங்குகின்றன.
கடைசி ஷட்டரும் விழுந்த ஒழுங்கையில்
மறுபடி மின்னைக் கொடுத்தேன்.
படியில் நகச் சத்தம்.

ரொட்டி முதல் மாடி வரை ஏறி வந்து
சற்று யோசித்து
அங்கேயே படுத்துக்கொண்டது.